உணவு வழிகாட்டி நூலும் பத்திரிகை மதிப்புரையும்

புதிதாக ஒரு நூல் வெளிவந்தால் பத்திரிகைகள் அதனை வரவேற்கும் முறை மூன்று. நூலின் பெயர், ஆசிரியர் பெயர், பக்கத்தொகை, விலை என்பவற்றை மட்டும் குறித்து ‘வரப்பெற்றோம்’ என ஒரு மூலையில் அச்சிட்டுவிடுதல் ஒன்று. நூலைப் படித்து, அது கூற எடுத்துக்கொண்ட பொருள் யாது, கூறிய முறை எத்தகையது, கூறாது விட்டது எது என்று ஆராய்ந்து மதிப்புரை எழுதுதல் மற்றொன்று. நூலை நூலாகக் கருதாது, அது வெளிவந்த நிகழ்ச்சியைச் செய்தியாக்கி முன்பக்கத்தில் இடுதல் மூன்றாவது. காவியத்துக்கும் நாவலுக்கும் இலக்கண நூலுக்கும் முதலிரண்டு முறைகளுள் ஒன்றே பெரும்பாலும் வாய்க்கும். மூன்றாவது பேறு இன்று உணவு வழிகாட்டி நூல்களுக்கே சிறப்பாக வாய்த்திருக்கின்றது. எந்தக் கடையில் எந்த உணவு நன்று என்று கூறும் நூலொன்று ஒரு நகரத்தில் வெளிவருமாயின், அந்நகரத்துப் பத்திரிகைகள் மட்டுமன்றி, அந்நகரத்தைக் கண்ணாற் காணாத தூரதேசத்துப் பத்திரிகைகளும் அதனைப்பற்றி எழுதுகின்றன. ஆயின் அங்ஙனம் எழுதுவோருள் அந்நூலைத் திறந்து படித்தோர் எத்தனைபேர் என்னும் ஐயம் எழாமற் போகாது.

அந்த ஐயத்தை ஓர் உதாரணங்கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்கொண்ட உதாரணம், 2016 ஆம் ஆண்டு யூலை மாதம் 21 ஆந் திகதி சிங்கப்பூரில் வெளியிடப்பட்ட மிச்செலின் வழிகாட்டியின் முதற் பதிப்பு. சிங்கப்பூர் நமக்கு அந்நிய ஊரன்று. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலும் அதற்குச் சற்று முன்னரும் யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் எழுதுவினைஞராகவும் புகையிரதப்பகுதி உத்தியோகத்தராகவும் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறினர். கத்தோங் பகுதியிலே சிலோன் வீதியில் அவர்கள் எழுப்பிய செண்பக விநாயகர் ஆலயம் இன்றும் அதற்குச் சான்றாக நிற்கின்றது. (அவ்வட்டாரம் தேங்காய்ப்பாலிற் காய்ச்சிய லக்சா என்னும் உணவுக்கும் பேர்போனது என்பதை, உணவைப்பற்றிய கட்டுரையாதலின், சொல்லாமல் விடுவதற்கில்லை.)

முதலில் இந்நூலின் குலமரபை நோக்குவாம். மோட்டார் வண்டிச் சில்லுகளுக்கு ரயர் செய்து விற்ற மிச்செலின் சகோதரர்கள் 1900 ஆம் ஆண்டிலே பிரான்சு தேசத்தில் இவ்வழிகாட்டியை இலவசமாக வெளியிட்டனர். வண்டி வைத்திருப்போர் நெடுந்தூரம் பயணஞ் செய்தால் ரயர் தேயும். தேய்ந்தால் புதியது வாங்குவர். ஆகவே அவர்களைப் பயணத்துக்குத் தூண்டும் நூலொன்று வேண்டும் என்பது அதன் பிறப்புக்குக் காரணம். 1920 முதல் நூலுக்கு விலை வைக்கப்பட்டது. 1926 இல் நல்ல உணவுச்சாலைகளுக்கு நட்சத்திரக்குறி இடும் வழக்கம் தோன்றியது. 1931 இல் அது ஒன்று, இரண்டு, மூன்று என விரிந்தது. ஒரு நட்சத்திரம் பெற்ற சாலை தன் வகையில் மிக நல்லது. இரண்டு பெற்றது, செல்லும் வழியை விட்டு விலகியும் செல்லத்தக்கது. மூன்று பெற்றது, அதன்பொருட்டே பயணம் மேற்கொள்ளத்தக்கது. இவ்விளக்கங்களை ஊன்றி நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். இவை வழிச்செல்வோனை நோக்கிக் கூறப்பட்டவை. சமையற்காரனுக்கு இடப்பட்ட புள்ளிகள் அல்ல. இவ்வேற்றுமையைப் பத்திரிகைகள் மறந்தமையே பின்னர் நேர்ந்த பிழைகளுக்கெல்லாம் வித்தாயிற்று.

வழிச்செல்வோனுக்கு வழியும் உணவும் சேர்த்துக் கூறும் நூலுக்குத் தமிழில் ஒப்புமை தேடின் ஆற்றுப்படையே முன்வரும். வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் பாணனோ பொருநனோ கூத்தனோ, எதிர்ப்பட்ட வறியோனைத் தான் வந்த வழியிலே செலுத்துவதாக அமைவது அது. வழியின் இயல்பைக் கூறுவதோடு வழியிற் கிடைக்கும் உணவையும் அது கூறும். நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையிலே எயிற்பட்டினத்து நுளையர் குடியிற் சுட்ட குழல்மீன் கிடைக்கின்றது; வேலூரில் எயினர் குடியிற் புளியிட்ட சோறும் சுட்ட ஆமான் இறைச்சியும் கிடைக்கின்றன; ஆமூரில் உழவர் குடியில் வெண்சோறும் நண்டுக்கறியும் கிடைக்கின்றன. பெரும்பாணாற்றுப்படையிலோ அந்தணர் மனையில் மாதுளங்காயை மிளகும் கறிவேப்பிலையும் கூட்டி வெண்ணெயிற் சமைத்த பொரியலும் மாவடு ஊறுகாயும் பேசப்படுகின்றன. நிலம், ஊர், சமைக்குங் குடி, உணவு என்னும் நான்கும் ஒருங்கே வருதலின், கேட்போனுக்கு அவ்வுணவு அவ்வூருக்கு உரியதாயிற்று ஏன் என்பதும் கூடவே விளங்கிவிடுகின்றது.

இவ்வொப்புமையை ஈண்டு எடுத்தது பழம்பெருமை பேசுதற்கன்று. ஆற்றுப்படுத்துவோன் தன்னைப்பற்றி மறையாது கூறும் செய்திகள் இரண்டு உள. அவ்வழியிற் சென்று மீண்டவன் தான் என்பது ஒன்று. தான் புகழும் வள்ளலிடம் பரிசில் பெற்றவன் தான் என்பது மற்றொன்று. அவனுடைய புகழ்ச்சியில் அவனுக்கு உள்ள தொடர்பு, அவன் வாயாலேயே, தொடக்கத்திலேயே வெளிப்பட்டுவிடுகின்றது. கேட்போன் அதனை அறிந்துகொண்டே நம்புகின்றான், அல்லது நம்பாதொழிகின்றான். இன்றைய உணவு வழிகாட்டி இவ்விரண்டையும் வேறு வகையாகக் கையாள்கின்றது. உண்டு பார்ப்போர் பெயர் வெளியிடப்படுவதில்லை; அவர்கள் மறைந்து வந்து விலைகொடுத்து உண்டு செல்வதே நடுநிலைக்குக் காப்பு என்பர். அது பொருத்தமான ஏற்பாடே. ஆயின் நூல் ஒன்றை மறைக்குமிடத்து, அதனைக் கேட்டறிந்து சொல்லும் கடமை நூலைப்பற்றி எழுதுவோனைச் சார்கின்றது. உண்டவர் யாவர், எவ்வளவு காலம் உண்டனர், செலவுக்குக் கைகொடுத்தவர் யாவர் என்னும் வினாக்கள் மதிப்புரைகாரனுக்கு உரியவை.

இனிச் சிங்கப்பூரில் நடந்ததை நோக்குவாம். விழாவுக்கு ஒருவாரம் முன்னர், நியாயவிலையில் நல்லுணவு தரும் இடங்களின் பட்டியல் வெளியிடப்பட்டது. 45 சிங்கப்பூர் டொலருக்கு மேற்படாது உண்ணக்கூடிய 34 இடங்கள் அதில் இருந்தன; அவற்றுள் ஏறக்குறையப் பாதி உணவங்காடிக் கடைகள். யூலை 21 இரவு, செந்தோசாத் தீவிலுள்ள பெரிய உல்லாச விடுதியொன்றின் விருந்து மண்டபத்தில் நட்சத்திரப் பட்டியல் வெளியாயிற்று. மூன்று நட்சத்திரம் பெற்ற சாலை ஒன்று, இரண்டு பெற்றவை 6, ஒன்று பெற்றவை 22, ஆக 29. ஒரு நட்சத்திரம் பெற்றவற்றுள் இரண்டு உணவங்காடிக் கடைகள். ஒன்று, சைனா டவுன் அங்காடித் தொகுதியின் மேல்மாடியிலே ஈப்போவிற் பிறந்த சான் ஹொன் மெங் நடத்திய சோயாக்கோழிக் கடை. மற்றொன்று, குரோபர்ட் லேனிலே 1932 முதல் ஒரு குடும்பத்தின் கைவழியாக வந்த தாய் ஹுவா பன்றியிறைச்சி நூடில்ஸ் கடை.

அடுத்தநாட் பத்திரிகைகள் இதனை எழுதிய முறை பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளை நினைவூட்டுவது. எத்தனைபேர் தோற்றினர், யார் முதலாவது, எவருக்கு எத்தனை என்னும் கணக்கே முந்தியது. நூல் என்ற ஒன்று உண்டென்பதும், ஒவ்வொரு சாலைக்கும் அது சில வரிகள் எழுதியிருக்கின்றது என்பதும், அவ்வரிகள் எவ்வளவு செறிவுடையவை அல்லது எவ்வளவு மேலெழுந்தவை என்பதும் பேச்சில் வரவேயில்லை என்னலாம். ஒரு கவிதைத் தொகுதி வெளிவந்த அன்று அதிலுள்ள புலவர் பெயர்களை மட்டும் அச்சிட்டு, இன்னாருக்கு இடங் கிடைத்தது, இன்னாருக்குக் கிடைக்கவில்லை என்று எழுதினால் அதனை யாரேனும் மதிப்புரை என்பாரா? வழிகாட்டி நூலுக்கு மட்டும் அது போதுமென்று கருதப்படுகின்றது.

தூரதேசத்துப் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் இன்னும் ஒருபடி சென்றன. 29 சாலைகளையும் விட்டு ஒன்றையே பற்றின. அவ்வொன்றிலும் கோழியை விட்டு விலையையே பற்றின. சான் ஹொன் மெங்கின் கோழிச்சோறு இரண்டு சிங்கப்பூர் டொலர். ‘உலகத்திலேயே மிக மலிவான நட்சத்திர உணவு’ என்னும் தொடர் ஒரே வாரத்தில் பல மொழிகளில் உலகைச் சுற்றியது. இத்தொடர் புதிதாகவேனும் இருந்ததா எனின், அதுவும் இல்லை. ஹொங்கொங்கில் ஏறக்குறைய இருபது இருக்கைகளோடு 2009 இல் தொடங்கிய ரிம் ஹோ வான் என்னும் சிற்றுண்டிச்சாலை 2010 ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு நட்சத்திரம் பெற்றபோது அதற்குச் சூட்டப்பட்ட அடைமொழியே இது. பழைய அடைமொழியைக் கழற்றிப் புதியவருக்குச் சூட்டினர். அளவு சரியாக இருந்தது.

இதில் உற்றுநோக்கத்தக்கது ஒன்றுண்டு. அதே இரவில், அதே நட்சத்திரத்தை, அதே வகையான அங்காடிக் கடையொன்று பெற்றது. தாய் ஹுவா கடையின் நூடில்ஸ் ஐந்து டொலரும் அதற்கு மேலும் விற்றது. அதன் வரலாறு நீண்டது; மூன்று தலைமுறையை எட்டும் குடும்பத் தொழில்; மிளகாயும் புளிக்காடியும் கூட்டிய அதன் சுவையைச் சொல்ல வல்லவனுக்கு இரண்டு பக்கமேனும் எழுத இடமுண்டு. ஆயினும் வெளியுலகப் பத்திரிகைகள் அதனை ஒரு வரியிற் கடந்தன. ஐந்து டொலர் செய்தியாகாது, இரண்டு டொலரே செய்தியாகும் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் காண்டல் அரிது. அவ்வாண்டு வழிகாட்டி தன் அளவுகோல்களாக எடுத்துக்கூறியவை ஐந்து: பொருள்களின் தரம், சமையல் வல்லபம், சமைப்போனின் தனித்தன்மை, விலைக்கேற்ற பயன், என்றும் மாறாத சீர். விலை அவற்றுள் ஒன்றே. அதுவும் மலிவு என்ற பொருளில் வரவில்லை, கொடுத்ததற்கு ஈடாகப் பெறுவது என்ற பொருளில் வந்தது. பத்திரிகைகள் நான்கைத் தள்ளி ஐந்தாவதையும் திரித்துக்கொண்டன.

இரண்டு டொலருக்கு ஒரு கோழிச்சோறு எவ்வாறு கொடுக்க முடிகின்றது என்னும் வினாவையேனும் அவர்கள் எழுப்பியிருக்கலாம். அவ்வினாவுக்குள் ஒரு நாட்டின் வரலாறே அடங்கியிருக்கின்றது. சிங்கப்பூரில் வீதியோரங்களில் உணவு விற்றோரை 1971 தொடக்கம் 1986 வரை அரசாங்கம் தண்ணீர் வசதியும் கழிவுநீர் வாய்க்காலும் உள்ள கட்டடங்களுக்கு மாற்றியது. அக்கட்டடங்களே உணவங்காடி நிலையங்கள். வீதியிலிருந்து மாற்றப்பட்ட முதல் தலைமுறையினருக்கு வாடகை குறைத்துக் கொடுக்கப்பட்டது. அரசாங்க வீடுகளில் வாழும் தொழிலாளர் வேலைக்குச் செல்லுமுன்னும் மீண்டபின்னும் உண்ணும் இடங்களாக அவை அமைந்தமையால், விலை உயர்ந்தால் உண்போர் முறையிடுவர். விடியுமுன் அடுப்பு மூட்டி, தானே வெட்டி, தானே வேகவைத்து, தானே பரிமாறும் ஒருவரின் உழைப்புக்கு அவ்விலையில் எவ்வளவு கணக்கிடப்பட்டது என்று பார்த்தால், பெரும்பாலும் அது கணக்கிடப்படவேயில்லை என்பது தெரியவரும். நட்சத்திரம் வழங்கப்பட்ட காலத்தில் உணவங்காடித் தொழிலாளரின் இடைநிலை வயது 60 ஐ அணுகியிருந்தது. பிள்ளைகள் அத்தொழிலுக்கு வரத் தயங்கினர். இவையெல்லாம் அவ்வூர்ப் பத்திரிகைகளுக்குத் தெரியாதனவல்ல; நட்சத்திரச் செய்தி எழுதிய நாளிலே அவற்றை நினைத்தோர் குறைவு. மலிவைப் புகழ்வது உண்பவனுக்கு இனிமையானது. சமைப்பவனுக்கோ, தன் புகழே விலையாகிவிட்டபின் அவ்விலையை உயர்த்துவது புகழைக் கைவிடுவதாகின்றது. இரண்டு டொலர் என்று உலகம் முழுவதும் அச்சிட்ட பத்திரிகை எதுவும் இந்த நெருக்கடியிலே தனக்குப் பங்குண்டென்று கருதியதாகத் தெரியவில்லை.

இனி, செலவுக்குக் கைகொடுத்தவர் யாவர் என்னும் வினா. சிங்கப்பூர்ப் பதிப்பு அந்நாட்டுப் பயணத்துறைக் கழகத்தின் ஆதரவோடு வெளிவந்தது என்பது மறைபொருளன்று. செந்தோசாவிலுள்ள மேற்படி உல்லாச விடுதியும் அம்முயற்சியின் பங்காளியாக இருந்தது. விழா நடந்தது அவ்விடுதியில். மூன்று நட்சத்திரம் பெற்ற ஒரே சாலையாகிய ஜொயெல் ரொபுஷோன் உணவுச்சாலை இருந்ததும் அவ்விடுதியிலேயே. இதனாலே தீர்ப்புக் கோணியது என்று சொல்லுதல் நமது கருத்தன்று. ரொபுஷோன் உலகப் பெருநகரங்கள் பலவற்றில் ஏற்கெனவே நட்சத்திரங்கள் பெற்றிருந்தவர். பரிசோதகர் தனித்தியங்குவர் என்று நிறுவனம் எப்பொழுதும் கூறிவருகின்றது. நாம் கூறுவது வேறு. இம்மூன்று செய்திகளையும் அடுத்தடுத்த மூன்று வாக்கியங்களாக ஒரே பத்தியில் எழுதி வாசகனிடம் விட்டிருந்தால், அவனே எடைபோட்டுக்கொள்வான். பாணன் தன் பரிசிலைச் சொல்லிவிட்டு வள்ளலைப் புகழ்வதுபோல அது அமைந்திருக்கும். உள்ளூரில் இத்தொடர்பைச் சுட்டிப் பேசியோர் சிலர் இருந்தனர். ஆனால் அவர்கள் பேச்சு வேறு நாளில், வேறு பக்கத்தில் இடம்பெற்றது. பட்டியலோடு சேர்ந்து வாசகனை அடையவில்லை. அடுத்த ஆண்டு பாங்கொக் பதிப்புக்குத் தாய்லாந்து உல்லாசப் பிரயாண அதிகாரசபை ஐந்தாண்டுக்கு ஏறக்குறைய 144 மில்லியன் பாத் வழங்குவதாக வெளிப்படையாகவே அறிவித்தது. அறிவிக்கப்பட்ட அத்தொகையைக் கூட நட்சத்திரச் செய்தியோடு சேர்த்து அச்சிட்ட வெளிநாட்டுப் பத்திரிகைகள் சிலவே.

விடுபட்டவை பற்றியும் ஒரு சொல். சிங்கப்பூர் சீனர், மலாயர், தமிழர், பெரனாக்கர் முதலியோர் ஒருவர் அடுப்பை மற்றவர் பார்த்துப் பழகிய ஊர். மலாயர் சொல்லாற் பெயர்பெற்ற மீகோரெங் என்னும் வறுத்த நூடில்ஸ், சீனர் மாவுக்கயிற்றைத் தமிழ் முஸ்லிம்கள் தங்கள் மிளகாய்க்கும் தக்காளிக்கும் இசைவித்துக்கொண்டது. மீன்தலைக் கறியோ, நம்மவர் குழம்பைச் சீனர் விரும்பும் மீன்தலையோடு சேர்த்து அங்கே பிறந்தது. இந்தியாவில் அந்த வடிவில் அதற்கு முன்னோர் இல்லை. இவ்வூரை அளக்க வந்த நூல், இந்திய உணவுக்கு ஒரு சாலையையும் பெரனாக்கர் உணவுக்கு ஒரு சாலையையும் நட்சத்திரத்துக்குத் தேர்ந்தது. மலாயர் உணவுக்கு ஒன்றும் இல்லை. தேர்ந்த இரண்டு அங்காடிக் கடைகளும் சீனருடையவை. இது பரிசோதகரின் நாவின் எல்லையா, அவர்கள் சென்ற இடங்களின் எல்லையா, அன்றி அவ்வுணவுகளின் தகுதியே அவ்வளவுதானா என்று வாதிடலாம். வாதிடுவதற்கு நூலைப் படித்திருக்கவேண்டும், ஊரிலும் உண்டிருக்கவேண்டும். ‘என் வீட்டுக்கு அருகிலுள்ள கடை வரவில்லை’ என்னும் முறைப்பாடு பத்திரிகைகளில் நிறைய வந்தது. அது ஊர்ப்பற்று, விமரிசனத்தின் தொடக்கம் என்று வேண்டுமாயின் கொள்ளலாம்.

இவ்விடத்தில், அதே ஊரில் அதற்கு முன்னரே வழங்கிவந்த உள்ளூர் வழிகாட்டி ஒன்றை நினைத்தல் தகும். பத்திரிகைப் படப்பிடிப்பாளராக இருந்த கே. எப். சீத்தோ 1990 களின் இறுதியில் தொடங்கியது அது. பெயர் ‘மக்கான்சூத்திரா’. மக்கான் என்பது உண்ணுதலைக் குறிக்கும் மலாய்ச் சொல். சூத்திரம் நாம் நன்கறிந்தது. பாணினி கேட்டால் முகஞ் சுளிக்கக்கூடிய இப்புணர்ச்சியிலேயே அவ்வூரின் இயல்பு தெரிகின்றது. அது நட்சத்திரம் இடுவதில்லை. சோற்றுக்கிண்ணமும் உண்கோலும் இடும். அதன் உச்சப் பாராட்டு, செத்தாலும் உண்டே தீரவேண்டும் என்று பொருள்படும் உள்ளூர்க் கொச்சைத் தொடர். முக்கியமாக, அது உணவின் பெயரைத் தலைப்பாக நிறுத்தி, அவ்வுணவுக்கு எந்தக் கடை என்று கூறும். சாலையைத் தலைப்பாக நிறுத்தும் மேனாட்டு முறைக்கு இது நேர்மாறு. அங்காடியில் ஒருவர் ஒரே உணவைச் செய்து வாழ்நாளைக் கழிப்பவராதலின் இம்முறையே அவ்வூருக்குப் பொருந்துவது என்பது எம் துணிபு. 2016 இல் இவ்விரு நூல்களையும் பக்கத்திற் பக்கம் வைத்து, ஒரே கடையைப்பற்றி இரண்டும் கூறுவதை ஒப்பிட்டு எழுதியிருந்தால் அது எத்துணைப் பயனுள்ள மதிப்புரையாகியிருக்கும்! மாறாக, சீத்தோவின் கருத்தைக் கேட்டு ஒரு மறுப்புரை பெறுவதோடு பத்திரிகைகள் அமைந்தன.

வழிகாட்டி நூலை நூலாகப் படிக்க முடியாதென்று சொல்வோர்க்கு, படித்த பத்திரிகைகளும் உண்டென்று காட்டவேண்டும். 2005 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெல்ஜியம், ஒல்லாந்து, லக்சம்பேர்க் நாடுகளுக்கான மிச்செலின் பதிப்பு வெளிவந்தபோது, ஒஸ்தெந்து என்னும் கடற்கரை நகரத்து உணவுச்சாலை ஒன்று நியாயவிலைக் குறியோடு அதிற் பாராட்டப்பட்டிருந்தது. பெல்ஜியத்துப் பத்திரிகையாளர் அப்பதிவைப் படித்தனர். அச்சாலை திறக்கப்பட்ட காலத்தையும் நூல் தயாரான காலத்தையும் ஒப்புநோக்கினர். திறக்கப்படாத சாலையில் எவர் உண்டிருக்க முடியும்? நிறுவனம் அப்பதிப்பின் 50,000 பிரதிகளை மீட்டுக்கொள்ள நேர்ந்தது. இதற்குப் பெரும் புலமை வேண்டியதில்லை. ஒரு பதிவை எடுத்து, அது உண்மையா என்று பார்க்கும் பொறுமையே வேண்டியது. ஆண்டொன்று முன்னர், 2004 இல், பஸ்கல் றெமி என்னும் முன்னாட் பரிசோதகர் தம் தொழிலைப்பற்றிப் பிரெஞ்சில் எழுதிய நூல் பரிசோதகர் தொகை வெளியார் எண்ணியதினும் மிகச் சிறிது என்று கூறியிருந்தது. நிறுவனம் அதனை மறுத்தது. ஒஸ்தெந்துச் செய்தியை எழுதியோர்க்கு அந்த விவாதம் கண்ணைத் திறந்துவிட்டிருத்தல் கூடும்.

யப்பானையும் குறிப்பிடலாம். 2007 நவம்பரில் தோக்கியோவின் முதற் பதிப்பு வெளிவந்து, 150 சாலைகளுக்கு 191 நட்சத்திரங்கள் வழங்கி, பாரிசையே பின்தள்ளியது. அதற்கும் பெருமைச் செய்திகள் குவியாமலில்லை. எனினும் அங்கே ஒரு வினா விடாமற் கேட்கப்பட்டது: ஐரோப்பியர் மூவரும் யப்பானியர் இருவருமாகிய ஐவர் ஒன்றரை ஆண்டில் அந்நகரத்தின் சுவையை அறிந்துவிட முடியுமா? கேட்கப்பட்டமையால் நிறுவனம் விடைகூறவேண்டியதாயிற்று. பரிசோதகர் எத்தனைபேர், எவர் என்பது பொதுமக்களுக்குத் தெரிந்தது அவ்வாறே. இவ்வினாவிலே தேசிய அகங்காரம் சிறிது கலந்திருந்தது என்பது மெய்தான். அகங்காரத்தாற் பிறந்தாலும் நல்ல வினா நல்ல வினாவே.

சிங்கப்பூருக்கு மீள்வாம். இரண்டு டொலர்ச் செய்தி பரவிய பின்னர், சைனா டவுன் மாடியிலே கோழிச்சோற்றுக்கு மணிக்கணக்காக மக்கள் வரிசையில் நின்றனர். நெடுங்காலமாக அங்கே உண்டுவந்த அயலவர் அவ்வரிசையைக் கண்டு திரும்பினர். 2016 நவம்பரிலேயே சான் ஹொன் மெங் ஒரு வணிகக் குழுவோடு சேர்ந்து அண்மையில் குளிரூட்டிய கடையொன்றைத் திறந்தார்; பின்னர் அதே பெயரிற் பிறநாடுகளிலும் கடைகள் எழுந்தன. அவர் வாழ்நாள் உழைப்புக்கு அது கிடைத்த பலன். அதனைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. பாங்கொக்கில் நண்டுப்பொரியல் முட்டைக்குப் பேர்போன ஜே பாய் என்னும் முதிய பெண்மணியோ, 2017 டிசெம்பரில் நட்சத்திரம் பெற்ற சில வாரங்களில், கூட்டத்தாலும் வரியதிகாரிகளின் வருகையாலும் சலித்து, அதனைத் திருப்பிக் கொடுத்துவிடலாமென்று தோன்றுகின்றது எனப் பத்திரிகையாளரிடம் கூறினார். அதுவும் ஒரு வேடிக்கைச் செய்தியாகவே அச்சேறியது.

2021 செப்டெம்பரில் வெளியான பட்டியலில் சான் ஹொன் மெங்கின் கடைக்கு நட்சத்திரம் இல்லை. பத்திரிகைகள் மீண்டும் அதே தொடரை எடுத்தன: உலகத்திலேயே மிக மலிவான நட்சத்திர உணவு தன் நட்சத்திரத்தை இழந்தது. ஐந்தாண்டுகளில் அக்கோழியின் சோயாச்சாற்றில் மாறியது என்ன, அடுப்பில் நிற்பவர் அவர்தாமா, பரிசோதகர் எத்தனைமுறை வந்தனர் என்பன அச்செய்திகளில் இல்லை. நட்சத்திரம் நீக்கப்படுவதற்குக் காரணம் அச்சிடுவது அவ்வழிகாட்டியின் வழக்கமன்று. குரோபர்ட் லேனிலே தாய் ஹுவா கடை அவ்வாண்டும் தன் நட்சத்திரத்தை வைத்திருந்தது. வெளிநாட்டுப் பத்திரிகைகளிற் பெரும்பாலானவை அதனைக் குறிப்பிடவில்லை.